காய்ந்துபோன பைப் புகையிலைக்கு எத்தனை கிராம் தண்ணீர்?

பைப் புகையிலை காய்ந்துவிட்டால் எல்லோரும் முதலில் தேடுவது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை. முதலில் எடுக்கவேண்டியது தராசு. நகைக்கடையில் வைத்திருப்பார்களே, கிராமில் நூறில் ஒரு பங்குவரை காட்டும் சின்னத் தராசு, அது. காய்ந்த இலைக்கு எவ்வளவு ஈரம் குறைகிறது என்று தெரியாமல் கொடுக்கிற தண்ணீர்தான் நல்ல புகையிலையைக் கெடுக்கிறது. காய்ச்சலால் கெட்டதைவிட இப்படி வைத்தியத்தால் கெட்ட டப்பாக்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த ஒரு நிகழ்வை முழுதாக, எடைக் கணக்கோடு எழுதுகிறேன்.

புகையிலைக்குச் சொந்தக்காரர் வணிகக் கப்பல்களில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். துறைமுகத்தில் இறங்கும்போதெல்லாம் ஒரு டப்பா வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்வது அவருடைய பழக்கம். ஓய்வுக்குப் பிறகு பல வருஷம் பெங்களூரில் இருந்தார். ஒரு ஏப்ரல் ஆரம்பத்தில் வீட்டைக் காலிசெய்துவிட்டு சென்னையில் மகள் வீட்டுக்கு வந்தபோது, மர அலமாரியின் மேல்தட்டில் கிடந்த சரக்கும் அட்டைப்பெட்டியில் கூடவே வந்தது. திறந்த டப்பா மூன்று, திறந்து மடித்துவைத்த பை ஒன்று, திறக்காத டப்பா ஒன்று.

“தம்பி, இதெல்லாம் குப்பைக்குத்தானா? இல்ல, ஏதாவது பண்ண முடியுமா?” என்று கேட்டார்.

“ஒவ்வொண்ணா திறந்து பார்த்துட்டுச் சொல்றேன் சார். இப்பவே எதையும் நனைச்சுடாதீங்க” என்றேன்.

பைப்பாக இருந்தாலும் புகையிலை புகையிலைதான். புகையை நுரையீரலுக்குள் இழுக்காவிட்டாலும் வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோய் ஆபத்து உண்டு. பெரியவரும் அதைத் தெரிந்து வெகுவாகக் குறைத்துக்கொண்டவர். எப்போதாவது ஒரு பைப் என்ற அளவோடு நிறுத்திவிட்டார். அப்படிப்பட்டவருக்கு இருக்கிற சரக்கு வருஷக்கணக்கில் வரும். வருஷக்கணக்கில் வருவதால்தான் காய்ந்தும் போகிறது.

வந்தபோது இருந்த நிலை

முதல் டப்பாவில் இருந்தது சாமுவேல் காவித் நிறுவனத்தின் ஃபுல் வர்ஜீனியா ஃபிளேக். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கெண்டல் ஊரில் 1792-இலிருந்து வரும் பெயர் அது. வர்ஜீனியா இலையை அடுக்கி, அழுத்தி, சூடேற்றிக் கறுக்கவைத்து, கட்டியாக்கி, பிறகு மெல்லிய பட்டைகளாகச் சீவுவார்கள். அந்தப் பட்டைதான் ஃபிளேக். கெண்டலின் ஃபிளேக்குகள் டப்பா திறந்த உடனே பற்றவைக்க முடியாத அளவுக்கு ஈரமாக இருக்கும் என்று பைப் பிடிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். கொஞ்சநேரம் காகிதத்தில் ஆறவைத்துத்தான் பைப்பில் போடுவார்கள். அப்படிப்பட்ட ஃபிளேக், இந்த டப்பாவில் ஓலைச்சுவடி மாதிரி விறைத்துக் கிடந்தது.

ஒரு பட்டையை இரண்டு விரலால் பிடித்து லேசாக வளைத்தேன். நல்ல ஈரத்தில் இருந்தால் விரலைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். இது பாதி வளையுமுன் ‘டக்’கென்று முறிந்தது. முறிந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அடுக்கடுக்காக இலைகள் தெரிந்தன. வெளி அடுக்குகள் வெளிறி, நடு அடுக்குகள் இன்னும் கொஞ்சம் கறுப்பாக. டப்பாவின் அடியில் காபிப்பொடி போல் தூள். மூக்குக்கு அருகே கொண்டுபோனால் வைக்கோல் வாசனை மெலிதாக வந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது டன்ஹில் நைட்கேப். லட்டாக்கியா, வர்ஜீனியா, ஓரியண்டல் இலைகளோடு பெரிக் என்கிற புளிக்கவைத்த இலையும் சேர்ந்த கலவை. மெல்லிய இழைகளாக நறுக்கியது, ரிப்பன் என்பார்கள். டன்ஹில் பெயரில் பைப் புகையிலை வருவது 2018-இல் நின்றுபோனது. அடுத்த வருஷத்திலிருந்து பீட்டர்சன் பெயரில் வருகிறது. பெரியவரிடம் இருந்தது பழைய பெயர் போட்ட வட்ட டப்பா. இழைகள் கையில் சரசரத்தன. ஆனால் மூடியைத் திறந்ததும் அந்தப் புகைமணம் வந்தது. லட்டாக்கியா, மணமுள்ள விறகும் தழைகளும் எரித்த புகையில் தொங்கவிட்டுப் பாடம் செய்கிற இலை. பெயர் சிரியாவின் துறைமுகத்திலிருந்து வந்தது, பிறகு சைப்ரஸ்தான் பெரிய விளைநிலமானது. நம்மூரில் வேதாரண்யம் பக்கம் மெல்லுகிற புகையிலையைப் புகைபோட்டுப் பாடம் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொழில் புதிதாக இருக்காது.

மூன்றாவது அந்தப் பை. வெனிலா வாசனை ஏற்றிய அரோமேட்டிக் ரகம். பையின் வாயை மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். உள்ளே இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சின்னச் சின்னக் கட்டிகளாகக் காய்ந்திருந்தன. இலைமேல் பூசிய சர்க்கரைப்பாகு உலர்ந்ததன் அடையாளம் அது.

நான்காவது டப்பாவைத் திறந்ததும் மூடிவிட்டேன். யாரோ எப்போதோ ஈரம் ஏறட்டும் என்று ஆரஞ்சுத்தோல் போட்டிருக்கிறார்கள். தோல் சுருங்கிக் கறுத்துக் கல்லாகிக் கிடந்தது. அதைச் சுற்றியிருந்த இழைகளில் சாம்பல் கலந்த பச்சையில் பஞ்சு படர்ந்திருந்தது. மண்பானை மூலையில் அடிக்கிற பூசண வாடை. பழைய வர்ஜீனியாவில் சர்க்கரை படிகமாகி வெளியே வருவதும் உண்டு. அது தட்டையாக இருக்கும், விளக்கொளியில் மினுங்கும், நாற்றம் இருக்காது. பஞ்சு போல் எழும்பியிருந்தால், இழைக்கும் இழைக்கும் நடுவே நூல் கட்டியிருந்தால், அது பூஞ்சை. இரண்டுக்கும் குழப்பமே வேண்டாம், ஒரு பூதக்கண்ணாடி போதும். பூஞ்சை பிடித்த பாகத்தை மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றலாம் என்று சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கண்ணுக்குத் தெரியும் பஞ்சைவிடத் தெரியாத வித்துகள் டப்பா முழுக்க இருக்கும், அதைக் கொளுத்தி வாயில் இழுக்கவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. நான்காவது டப்பா அன்றே குப்பைக்குப் போனது.

திறக்காத ஐந்தாவதைக் கடைசியில் சொல்கிறேன்.

எப்படிக் காய்ந்தது

புகையிலை காற்றோடு எப்போதும் ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும் பொருள். காற்றில் ஈரப்பதம் ஏறினால் இலை குடிக்கும், இறங்கினால் கக்கும். நம் விவசாயிகளுக்கு இது கைப்பழக்கம். பாடம் செய்த இலையை வெயில் ஏறிய நேரத்தில் தொடமாட்டார்கள், தொட்டால் நொறுங்கும். விடியற்காலைப் பனியில் இலை பதத்துக்கு வந்திருக்கும்போதுதான் இறக்குவது, கட்டுவது எல்லாம். சிகரெட் ஆய்வுக்கூடங்களும் இதே காரணத்துக்காக, எந்தச் சோதனைக்கு முன்னாலும் 22 டிகிரி வெப்பத்திலும் 60 சதவீத ஈரப்பதத்திலும் புகையிலையை வைத்துப் பதப்படுத்திக்கொள்கின்றன. அந்தக் காற்றில் இலை சுமார் 12, 13 சதவீதம் தண்ணீரோடு நிலைத்து நிற்கும். பைப்புக்கும் ஏறக்குறைய அதுதான் நல்ல பதம். 10-க்குக் கீழே இறங்கினால் இலை பொடிய ஆரம்பிக்கும். பைப்பில் போட்டால் தீ வேகமாக ஓடும், புகை சூடாகி நாக்கைச் சுடும். 18, 20-க்கு மேலே போனால் பற்றாது, பற்றினாலும் பாதி நீராவிதான் வரும், பைப்பின் அடியில் தண்ணீர் களகளக்கும்.

பெங்களூர் காற்று எல்லா மாதமும் உலர்ந்ததில்லை. மழைக்காலத்தில் நல்ல ஈரம் இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில்தான் மதியக் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம் வரை இறங்கிவிடும். அப்படியென்றால் இந்த டப்பாக்கள் ஒரே மூச்சில் காய்ந்தவை இல்லை. ஒவ்வொரு கோடையிலும் காய்ந்து, ஒவ்வொரு மழையிலும் பாதி ஈரம் ஏறி, மறுபடி காய்ந்திருக்கின்றன. பெரியவர் ஏப்ரலில் வந்ததால் நான் பார்த்தது அந்தச் சுழற்சியின் அடிமட்டம். இதை நான் முக்கியமாக நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர் வெளியேறும்போது மணம் தருகிற எளிதில் ஆவியாகும் பொருள்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகின்றன. மழையில் தண்ணீர் திரும்பி வரும், அவை வருவதில்லை. ஒரு கோடை கண்ட இலையும் பல கோடை கண்ட இலையும் தராசில் ஒரே எடை காட்டலாம், மூக்குக்கு ஒன்றாக இருக்காது.

தராசு சொன்னது

ஃபிளேக்கிலிருந்து சரியாக 2.00 கிராம் எடுத்து உதிர்த்து, அலுமினியத் தாளில் பரப்பி, ஓ.டி.ஜி. என்கிற மின்சார அடுப்பில் 105 டிகிரியில் வைத்தேன். இனி எடை இறங்கவில்லை என்கிற நிலை வந்தபோது தராசு 1.84 காட்டியது. போனது 0.16 கிராம், அதாவது 8 சதவீதம். சமையலறை அடுப்பு ஆய்வுக்கூட அடுப்பாகாது, கால் சதவீதம் இப்படி அப்படி இருக்கும். அது பரவாயில்லை.

டப்பாவில் மீதி 34.0 கிராம். அதில் தண்ணீர் போக உலர்ந்த இலை 31.28 கிராம். இதை 13 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவர மொத்த எடை 35.95 கிராம் ஆகவேண்டும். குறைவது 1.95 கிராம்.

இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இரண்டு கிராம்கூட இல்லை. டீஸ்பூனில் பாதியை எட்டாத தண்ணீர். தெளிப்பானை நாலைந்து தடவை அழுத்தினாலே இந்த அளவைத் தாண்டிவிடலாம். விறைத்துக் கிடக்கிற ஒரு டப்பாவைப் பார்க்கும்போது இவ்வளவு காய்ந்ததற்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றவேண்டியிருக்குமோ என்றுதான் தோன்றும். கண் சொல்வது அது. தராசு அரை ஸ்பூன் என்கிறது.

நைட்கேப்பில் அதே சோதனை 7.5 சதவீதம் காட்டியது. சோதனைக்குப் பின் இருந்த 22.0 கிராமை 12.5 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டியது 1.26 கிராம். அரோமேட்டிக்குக்கு இந்தச் சோதனை ஒத்துவராது. அந்த ரகங்களில் ஈரம் காக்கப் புரொப்பிலீன் கிளைக்கால் சேர்ப்பார்கள். அடுப்பில் அதுவும் வாசனைப் பொருள்களும் சேர்ந்து பறப்பதால் எடை இழப்பெல்லாம் தண்ணீர் என்று கணக்கிட முடியாது. அதற்கு கைப்பதம்தான் வழி.

என்ன செய்தேன், ஏன்

கேள்விப்பட்டிருக்கக்கூடிய வழிகள் பல. ஆப்பிள் துண்டு, உருளைக்கிழங்குத் தோல், ஆரஞ்சுத்தோல், ரொட்டித்துண்டு. எல்லாமே வேலைசெய்யும், அதுதான் ஆபத்து. பழத்துண்டைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் நூற்றை நெருங்கியிருக்கும், கூடவே சர்க்கரையும் பூஞ்சை வித்தும் வரும். நான்காவது டப்பா அதற்குச் சாட்சி. கிண்ணத்தில் இலையைப் பரப்பி மேலே ஈரத்துணி போர்த்துவது (துணி இலையில் படக்கூடாது) மேல்நாட்டில் நெடுநாளாகச் செய்வது, நல்ல முறைதான். ஆனால் சென்னை வெப்பத்தில் ஒரு ராத்திரி மறந்தால்கூட அளவு மீறிப்போகும். நீராவியில் காட்டுவது வேகமான வழி. மிச்சமிருக்கிற மணத்தையும் அதுவே கிளப்பிக்கொண்டு போய்விடும்.

நேராகத் தண்ணீர் தெளிப்பதை ரிப்பனுக்கு ஓரளவு ஏற்கலாம், ஃபிளேக்குக்கு வேண்டவே வேண்டாம். துளி விழுந்த இடத்தில் வெளி அடுக்கு ஊறி உப்பும், இலையில் இருக்கிற சர்க்கரை கரைந்து ஓரிடத்தில் கூடும், உள்ளே நடுவடுக்கு காய்ந்தபடியே இருக்கும். தொட்டால் மெத்தென்று இருக்கும். அந்த மெத்தென்ற தொடுகைதான் பலரை ஏமாற்றுகிறது.

நான் எடுத்தது உப்பு வழி. சாதாரணச் சமையல் தூள் உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, உப்பு முழுதும் கரையாமல் ஈரமணல் போல் இருக்கும்படி ஒரு கிண்ணத்தில் வைத்து, காற்றுப்புகாத டப்பாவுக்குள் மூடினால், உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் போய் நிற்கும். 20 டிகிரியானாலும் 35 டிகிரியானாலும் ஏறக்குறைய அதே 75. சுருட்டுப்பெட்டி வைத்திருப்பவர்கள், காற்றின் ஈரப்பதத்தைக் காட்டுகிற ஹைக்ரோமீட்டர் சரியா என்று பார்க்க இதைத்தான் செய்வார்கள். கல்லுப்பு வேண்டாம். அதில் மக்னீசியம் உப்புகள் கலந்திருக்கும், மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி கசிவதற்கு அதுதான் காரணம். அவை 75 என்ற எண்ணைக் கீழே இழுத்துவிடும்.

இந்த வழியில் எனக்குப் பிடித்த விஷயம், இதற்கு ஒரு மேல்வரம்பு இருப்பது. எவ்வளவு மறந்தாலும் காற்று 75-ஐத் தாண்டாது. தண்ணீர் ஆவியாகத்தான் இலைக்குப் போகிறது என்பதால் போர்வெல் தண்ணீரின் உப்பும் குழாய்த் தண்ணீரின் குளோரினும் இலையில் படியுமோ என்ற கவலையும் பெரிதாக இல்லை. அதற்காக 75-லேயே குடியிருக்க விடக்கூடாது. 65-க்குக் கீழே பூஞ்சைக்குப் பிழைப்பு கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம். 70-ஐத் தாண்டி, வெப்பமும் சேர்ந்து, வாரக்கணக்கில் கிடந்தால் வழி திறக்கும். எடை வந்ததும் இலையை வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்குத்தான் தராசு.

பெரிய கண்ணாடிப் பெட்டியின் அடியில் உப்புக் கிண்ணம், அதன்மேல் எவர்சில்வர் சல்லடை, சல்லடையில் ஃபிளேக் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல். பெட்டியை வெயில் படாத அலமாரிக்குள் வைத்தேன். ஜன்னலோரத்தில் வைத்தால் பகல் சூட்டில் உள்ளே ஏறுகிற ஈரம் ராத்திரி மூடியின் உட்புறம் துளியாகக் கட்டி இலைமேல் சொட்டும். காலையில் ஒருமுறை எல்லாப் பட்டைகளையும் எடுத்து நிறுத்து, புரட்டிப்போட்டு, மூடுவது. இவ்வளவுதான் தினசரி வேலை.

முதல் சில நாள் எடை விறுவிறுவென்று ஏறியது. வேண்டிய இரண்டு கிராமில் பாதிக்கு மேல் அப்போதே வந்துவிட்டது. அதற்கப்புறம் நத்தை வேகம். ஏறுவது நின்றுவிட்டதோ என்று தோன்றும், மறுநாள் 0.05 கூடியிருக்கும். இந்த இடத்தில்தான் பொறுமை போய், லேசாக ஒரு தெளிப்பு தெளித்தால் என்ன என்று கை பரபரக்கும். அந்த நாளில் ஒரு பட்டையை முறித்துப் பார்த்தேன். வெளி அடுக்கு வளைந்தது, நடுவில் இன்னும் சன்னமாக ‘டிக்’ என்று ஒரு சத்தம். உள்ளே போகவேண்டிய ஈரம் போய்க்கொண்டிருக்கிறது, நேரம்தான் வேண்டும் என்று அர்த்தம்.

35.9 கிராமைத் தொட்டதும் உப்பிலிருந்து பிரித்து, சுத்தமாகக் காயவைத்த கண்ணாடி ஜாடியில் நெருக்கமாக அடுக்கி, இறுக மூடி, இருட்டில் வைத்தேன். இனி ஈரம் கூடவும் இல்லை குறையவும் இல்லை, வெளி அடுக்கிலிருந்து நடுவுக்குப் பரவுவது மட்டும்தான் நடக்கும். இந்த ஓய்வைத் தவிர்த்துவிட்டு அன்றே பைப்பில் போடுபவர்கள்தான் ‘ஈரம் ஏற்றிய புகையிலை ருசி இல்லை’ என்கிறார்கள். அரைகுறையாக ஊறிய பட்டை பாதி வேகமாக எரியும், பாதி அணையும், ருசி எப்படி வரும்?

நைட்கேப்புக்கு வேறு வழி வைத்தேன். இழைகள் மெல்லியவை, அதிக வேகம் தேவையில்லை. லட்டாக்கியாவின் மணத்தைத் தினம் தினம் மூடி திறந்து காற்றுக்குக் கொடுக்கவும் மனம் வரவில்லை. 65 சதவீத போவேடா பொட்டலம் ஒன்றை ஜாடிக்குள் போட்டு மூடினேன். அதற்குள் இருப்பதும் உப்புக்கரைசல்தான், நீராவியை மட்டும் விடுகிற உறைக்குள். ஈரம் குறைந்தால் கொடுக்கும், மிஞ்சினால் எடுத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு விஷயம் கணக்குக்குள் அடங்கவில்லை. 1.26 கிராம் ஏறவேண்டியது, சுமார் 0.87 ஏறியதோடு நின்றது. ஜாடிக்குள் வைத்த ஹைக்ரோமீட்டர் 65-ஐக் காட்டுகிறது, பொட்டலத்தில் இன்னும் திரவம் இருக்கிறது, எடை மட்டும் அசையவில்லை. இலையின் ஈரம் 11 சதவீதம். பழுது பொட்டலத்தில் இல்லை. ஒருமுறை நன்றாகக் காய்ந்த இலை, அதே காற்றில் வைத்தாலும் முன்பு வைத்திருந்த அளவு தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொள்ளாது. ஈரத்திலிருந்து இறங்கி வரும் இலை 65-இல் ஓர் இடத்தில் நிற்கும், காய்ந்த நிலையிலிருந்து ஏறி வரும் இலை அதே 65-இல் அதற்குச் சற்றுக் கீழே நிற்கும். மரம், பருத்தி, தானியம் எல்லாவற்றிலும் இதே குணம் உண்டு, ஹிஸ்டெரிசிஸ் என்பார்கள். பொட்டலம் போட்டும் புகையிலை சரியாகவில்லை என்று குறைப்படுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

மேலும் ஏற்றலாமா என்று கேட்க, பெரியவர் ஒரு பைப் அளவு எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். திரும்பி வந்து சொன்னது: “இது போதும் தம்பி. கப்பல்ல இருந்தப்பவே நான் கொஞ்சம் உலர வெச்சுத்தான் போடுவேன். இதுக்கு மேல ஈரம் வேண்டாம்.” இலக்கு 12.5 என்று நான் போட்ட கோடு புத்தகக் கோடு. புகைக்கிறவருடைய பழக்கம் 11 என்றால் 11-தான் சரி. அங்கேயே நிறுத்திவிட்டோம்.

எது மீண்டது, எது மீளவில்லை

ஃபிளேக் நன்றாக மீண்டது. ஓய்வு முடிந்து ஜாடியைத் திறந்தபோது முதலில் வந்தது வைக்கோல் வாசனை, சற்று நேரத்தில் உலர்திராட்சையும் பழுத்த அத்திப்பழமும் கலந்த மாதிரி ஒன்று. பட்டை விரலைச் சுற்றி வளைந்தது, ஓரங்களில் மட்டும் சின்னக் கீறல்கள். காரணம் தேடவேண்டியதில்லை. வர்ஜீனியாவின் இனிப்பு பெரும்பாலும் இலையின் சர்க்கரையிலிருந்து வருவது, சர்க்கரை ஆவியாகாது. அழுத்திய கட்டியாக இருந்ததால் நடு அடுக்குகளுக்குக் காற்றும் குறைவாகவே பட்டிருக்கிறது. டப்பாவின் அடியில் இருந்த தூளைச் சேர்க்கவில்லை. அது பைப்பின் காற்றுவழியை அடைக்கும்.

நைட்கேப்பில் லட்டாக்கியா நின்றது, ஆனால் முன்பிருந்த காரம் இல்லை. லட்டாக்கியா மூடிய டப்பாவிலேயே வருஷம் ஆக ஆகச் சாந்தமாகிவிடும், எனவே காய்ந்ததால் எவ்வளவு போனது, வயதால் எவ்வளவு போனது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பெரிக்கின் மிளகுக் காரம் மட்டும் தெளிவாக இருந்தது. லூசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் பீப்பாய்க்குள் அழுத்திப் புளிக்கவைக்கிற இலை அது, எளிதில் விட்டுக்கொடுக்காது போலிருக்கிறது.

அரோமேட்டிக் விஷயத்தில் எனக்கு மனக்கஷ்டம்தான். உப்புப் பெட்டியில் வைத்ததும் கட்டிகள் இளகின, இழைகள் பிரிந்தன, கைக்கு அருமையான பதம். பார்த்தால் புதுப் பை திறந்த மாதிரி. முகர்ந்தால் வெனிலா துளிகூட இல்லை. ஈரமான அட்டையில் சர்க்கரை தடவிய வாசனை. அந்த ரகத்தில் இலையைவிட மேலே ஏற்றுகிற வாசனைதான் சரக்கு. அது போனபின் ஈரம் ஏற்றி என்ன பயன்? வெனிலா எசன்ஸ் விடலாம், ரம் தெளிக்கலாம், தேன் தடவலாம் என்று ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ரம் வாசனை நாலு நாள் நிற்கும். தேன் பூஞ்சைக்குச் சாப்பாடு போடும். எசன்ஸ் கேக் மாவுக்காகச் செய்தது. எரிந்தால் அது என்னவாகும் என்று தெரியாமல் ஒருவர் வாய்க்குக் கொடுக்க நான் தயாரில்லை. பெரியவரிடம் பையைக் காட்டி, இதை விட்டுவிடலாம் சார் என்றேன். முகர்ந்து பார்த்துவிட்டு அவரே குப்பைக்கூடையில் போட்டார்.

இதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம் வந்திருக்கிறது. காய்ந்த புகையிலை யார் கொண்டுவந்தாலும் ஈரம் ஏற்றுமுன் ஒரு சிட்டிகையை மட்டும் சின்னப் புட்டியில் உப்புக் காற்றில் ஒரு ராத்திரி வைத்து முகர்ந்து பார்க்கிறேன். காய்ந்த இலை மணத்தைக் காட்டாது, மூக்குக்கு எல்லாம் வைக்கோல்தான். ஈரம் சற்றே ஏறியதும் இருக்கிற மணம் வெளியே வரும். அந்தச் சிட்டிகையில் ஏதாவது இருந்தால் மீதியோடு மெனக்கெடலாம். ஒன்றும் இல்லையென்றால் பெட்டி, சல்லடை, தராசு எதுவும் தேவையில்லை.

வைத்துக்கொள்வது

மீண்ட புகையிலை இரண்டாம் முறை காயக்கூடாது. பழைய டப்பாவுக்கே திரும்பக் கொண்டுபோவதில் அர்த்தமில்லை. ஒருமுறை திறந்த தகர டப்பாவின் மூடி காற்றைப் பிடித்து நிறுத்தாது, சென்னையில் ஓரத்தில் துரு வேறு ஏறும். ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி ஜாடி போதும். ஊறுகாய் இருந்த ஜாடி என்றால் எத்தனை கழுவினாலும் மூடியில் பெருங்காயம் இருக்கும், லட்டாக்கியாவே தோற்றுப்போகும். புதிதாக வாங்கிவிடுங்கள். பெரிய ஒன்றைவிடச் சின்ன இரண்டு நல்லது; ஒன்று திறந்து மூடும்போது மற்றது நிம்மதியாக இருக்கும்.

சென்னையில் வேறொரு கவலை. இங்கே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான மாதங்களில் 65-க்கு மேல்தான். திறந்துவைத்த இலை தானே பதத்துக்கு வந்துவிடும், அப்புறம் நவம்பரில் பதத்தைத் தாண்டியும் போகும். காய்ந்த புகையிலையைச் சும்மா பால்கனி அறையில் பரப்பிவைத்தே மீட்டவர்கள் உண்டு. அது தப்பில்லை, ஆனால் மழைநாளில் செய்தால் பக்கத்திலேயே இருந்து எடை பார்க்கவேண்டும். ஏ.சி. எப்போதும் ஓடுகிற அறையோ எதிர்த்திசையில் இழுக்கும். பெரியவரின் மகள் வீட்டில் அவருடைய அறை ஏ.சி. அறை, ஜாடிகளைச் சாப்பாட்டு அறை அலமாரிக்கு மாற்றச் சொன்னேன். ஒவ்வொரு ஜாடியின் மூடியிலும் ஜாடியோடு சேர்ந்த எடையையும் தேதியையும் ஒட்டியிருக்கிறோம். புகைக்க எடுத்தால் எடுத்த பிறகு நிறுத்துப் புது எடையை எழுதிவிடுவார். அடுத்தமுறை திறக்குமுன் எடை இறங்கியிருந்தால் மூடியில் கோளாறு என்று அர்த்தம். கப்பல் இன்ஜினியர், லாக் புத்தகம் எழுதிப் பழகியவர், இது அவருக்குப் பிடித்துப்போனது.

இனி அந்த ஐந்தாவது டப்பா. வட்ட டப்பா, திறக்காதது. அதையும் ஒரு கை பார்த்துவிடலாமா என்று கேட்டார். மூடியின் நடுவை அழுத்திப் பார்த்தேன்: உள்வாங்கியிருக்கிறது, விரலுக்கு அசையவில்லை, ‘டொக் டொக்’ என்று விளையாடவும் இல்லை. விளிம்பைச் சுற்றிலும் துரு இல்லை. வெற்றிடம் பிடித்திருக்கிற டப்பாவுக்குள் எந்தக் கோடையும் புகுந்திருக்காது. தராசில் வைத்து எடையை அடியில் எழுதினோம். வருஷத்துக்கு ஒருமுறை நிறுத்தால் போதும், எடை இறங்காதவரை திறக்கவேண்டாம் சார் என்றேன். சரி என்று அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டார்.